தரைக்கு ஒரு பங்கு

கிளப் வாசலில் காரை நிறுத்தி, சாவியைக் கைப்பையில் போட்டதும் மாஸ்டரம்மா முதலில் செய்வது தன் வலது காலைத் திட்டுவதுதான். கதவைத் திறந்து அந்தக் காலை மட்டும் வெளியே நீட்டி, கணுக்காலை இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சொல்வார்: "வாரம் பூரா அடுத்தவன் உசுரைக் காப்பாத்துன இல்ல? போதும். இப்ப என் வேலையப் பாரு. மக்கர் பண்ணே, தொலைச்சுடுவேன்." இடது காலுக்கு இப்படி எச்சரிக்கை ஏதும் கிடையாது. அது சமர்த்தாம்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டீயரிங் மாணவர் கையில். பிரேக் மட்டும் இவர் காலடியில். முப்பது வருடமாக அந்தப் பிரேக்கின் மேலேயே குடியிருந்த கால் அது. அதற்கு வேறு எதுவும் தெரியாது. பஸ்ஸில் போனாலும் திருப்பத்தில் தரையை அழுத்தும். சினிமாவில் கார் துரத்தல் வந்தால் முன் வரிசைக்காரரின் நாற்காலியை ஒரு மிதி மிதிக்கும். அவர் திரும்பி முறைத்தால் மாஸ்டரம்மா மன்னிப்புக் கேட்க மாட்டார். "நான் அழுத்தலைன்னா உங்க ஹீரோ இந்நேரம் லாரிக்கு அடியில" என்பார்.

பயிற்சிப் பள்ளியில் மற்றவர்கள் எல்லாம் மாஸ்டர். இவர் மாஸ்டரம்மா. சொந்தப் பெயரைக் கேட்டவர்களுக்கு, "மாஸ்டரம்மான்னு சொல்லுங்க, வீட்டு வாசல்லயே கொண்டாந்து விட்டுடுவாங்க" என்ற பதில்தான் கிடைக்கும். நானும் அவரிடம் படித்தவன்தான். பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதால் என்னை 'பத்திரிகை' என்றுதான் கூப்பிடுவார். தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்ட பிறகு, "உங்களுக்கு வண்டி வராது பத்திரிகை. பின்னாடி எவன் வர்றான்னு பாக்கத்தான் கண்ணாடி. நீங்க உங்க தலைமுடியப் பாக்குறீங்க" என்று கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் சிநேகம் உண்டானது. அதுவும் கிளப்பில்.

கிளப் என் வீட்டுக்கு நேர் எதிரே. முன்பு டயர் கிடங்காக இருந்த இடம். மழைக்காலத்தில் இன்னமும் சுவரிலிருந்து ரப்பர் வாடை வரும். தாழ்வான கூரை, நட்ட நடுவில் யாருக்கும் மேடையைக் காட்டாத ஒரு தூண், கோடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணியானால் சாக்ஸபோன், பியானோ, வயலின் மாதிரி ஆனால் ஆள் உயரத்துக்கு நிற்கும் பாஸ், டிரம்ஸ் என்று நான்கு பேர் ஏறி ஜாஸ் வாசிக்க ஆரம்பிப்பார்கள். வீட்டில் இருந்தாலும் எனக்குக் கேட்கத்தான் போகிறது. எழுதவும் முடியாது, தூங்கவும் முடியாது. உள்ளே போய் உட்கார்ந்துவிடுவேன்.

மேடைக்கு முன்னால் மரத்தரை. கிளப்பைத் தொடங்கிய பெரியவர், எங்கோ இடித்த விளையாட்டு அரங்கத்திலிருந்து பலகைகளை வாங்கிவந்து பதித்தாராம். ஆட்டக்களத்துக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் பலகைகளை வரிசை மாற்றிப் போட்டதில் ஒரு வெள்ளைக்கோடு பாதியில் அறுந்து, ஒரு சிவப்பு வளைவு சுவரில் போய் முட்டி நிற்கிறது. தரை எவ்வளவு பெரிது என்று மாஸ்டரம்மாவைக் கேட்டால், "ரெண்டு கார் தாராளமா நிக்கும். மூணாவது நிக்கணும்னா கண்ணாடிய மடக்கணும்" என்பார். உலகத்தில் எல்லாவற்றையும் அவர் அப்படித்தான் அளப்பார். கல்யாண மண்டபமானாலும் ஆஸ்பத்திரி வார்டானாலும் சரி.

அவர் ஆடுவதை முதன்முறை பார்ப்பவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். சுழற்சி, குதிப்பு எதுவும் கிடையாது. கனத்த உடம்பு; வயது அறுபதைத் தாண்டிவிட்டது; அகலமான பாவாடை, முழுக்கைச் சட்டை, தோல் அடி வைத்த கறுப்பு ஷூ. மேலுடம்பு பஸ்ஸுக்குக் காத்திருப்பது போலச் சும்மா நிற்கும். முழங்காலுக்குக் கீழேதான் அத்தனை ரகளையும். குதிகால் ஒன்று சொல்லும், முன்பாதம் அதை மறுக்கும், இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு ஒரு மூலைக்குப் போய் சமாதானமாகித் திரும்பிவரும். முகத்தில் மட்டும் ஒரு முறைப்பு. சிரித்துக்கொண்டே ஆடினால் என்ன என்று கேட்டேன். "எதுக்கு? நான் என்ன டூத்பேஸ்ட்டா விக்கிறேன்?"

அவர் இங்கே வந்து சேர்ந்ததே டிரம்ஸ்காரரால்தான். அவரும் ஒரு காலத்தில் இவருடைய மாணவர். ஒரு நாள் வகுப்பு நேரத்துக்கு வராமல் உள்ளே ஒத்திகையில் உட்கார்ந்திருக்க, இவர் வாசலில் ஹாரன் அடித்து அடித்துக் கை ஓய்ந்து, காதைப் பிடித்து இழுத்துவரும் உத்தேசத்தோடு உள்ளே நுழைந்தார். "இன்னும் ஒரே ஒரு பாட்டு மேடம்" என்று கெஞ்சியிருக்கிறார் அந்த மனுஷன். சரி, நின்று தொலைப்போம் என்று நின்றார். "வலது கால் தரைய அழுத்துச்சு. சரி, பழக்கதோஷம்னு விட்டேன். பாத்தா, திரும்ப அழுத்துது. அப்புறம் இடது காலும் சேந்துக்குச்சு. நான் மேல நின்னு வேடிக்கதான் பாத்தேன்" என்பது அவருடைய வாக்குமூலம். அன்று வகுப்பு நடக்கவில்லை. டிரம்ஸ்காரருக்கு ரிவர்ஸ் எடுப்பது இன்றுவரை தகராறுதான்.

இனி சொல்லப் போவது இந்தக் கிளப்பில் மட்டுமே உள்ள ஒரு வழக்கம். கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஜாஸ் வாசிக்கிறவர்கள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலுக்கு நாலு என்று ஒன்று வாசிப்பார்கள். சாக்ஸபோன் நாலு அளவு, அதாவது நாலு தாளச் சுற்று, தனியாக வாசிக்கும். டிரம்ஸ் அதே நாலு அளவில் பதில் சொல்லும். மறுபடி சாக்ஸபோன், மறுபடி டிரம்ஸ். இரண்டு பேர் தெருவில் நின்று வாய்ச்சண்டை போடுவது போலத்தான். ஒருவர் முடிக்காமல் இன்னொருவர் வாய் திறப்பதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். இங்கே மட்டும் மூன்றாவதாக ஒரு பங்கு உண்டு. சாக்ஸபோன் முடித்து, டிரம்ஸ் முடித்ததும், டிரம்ஸ்காரர் இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேலே தூக்கிவிடுவார். மற்ற மூவரும் கையை எடுத்துவிடுவார்கள். அந்த நாலு அளவும் தரைக்கு. ஆடுகிறவர்களின் கால்தான் அதை நிரப்ப வேண்டும். இதற்குப் பெயர் "தரைக்கு விடுறது".

தரையில் எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். சலூன் நடத்தும் புருஷன் பெண்டாட்டி, நெட்டையான ஒரு தபால்காரர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர். ஆனால் குச்சி மேலே போனதும் எல்லோரும் கண்ணால் மாஸ்டரம்மாவைத்தான் தேடுவார்கள். ஒரு முறை இவர் அந்த நாலு அளவின் நடுவில் வழுக்கி, பொத்தென்று உட்கார்ந்துவிட்டாராம். எல்லோருக்கும் மூச்சு நின்றுவிட்டது. இவரோ உட்கார்ந்த வாக்கிலேயே இரண்டு உள்ளங்கையாலும் தரையைத் தட்டி மிச்சத்தை முடித்து, சாக்ஸபோன்காரரை நிமிர்ந்து பார்த்து, "என்ன பாக்குற? உன் முறை" என்றாராம். நான் அன்று ஊரில் இல்லை. இதைச் சொன்னவர் டிரம்ஸ்காரர். அவர் எதையும் கொஞ்சம் தாளித்துத்தான் சொல்வார். ஆனாலும் நான் நம்புகிறேன்.

அந்த விழுகைக்குப் பிறகு வீட்டில் பெரிய பஞ்சாயத்து. முழங்கால் தேய்ந்திருக்கிறது என்றார் டாக்டர். வெளியூரில் இருக்கும் மகள் போனில் அழுதாள். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? விழுந்து வச்சா யாரு பாக்குறது?"

"விழுந்தா எந்திரிச்சுப்பேன். உக்கார வச்சீங்கன்னாதான் எந்திரிக்க முடியாது" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

இப்படித் தலைகீழாக நிற்கும் அளவுக்கு அந்தத் தரையில் என்னதான் இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்குப் பதிலாக ஒரு கிண்டல்தான் வரும். அன்று என்னவோ நிதானமாகச் சொன்னார். "வாரம் பூரா நான் பக்கத்து சீட்டு, பத்திரிகை. அடுத்தவன் திருப்புற பக்கம்தான் நான் திரும்பணும். என்னால நிறுத்த முடியும். அவ்வளவுதான். நானா எங்கயும் போக முடியாது. இங்க வந்தா மட்டும் நான் போற பக்கம் நான் போறேன். அது உங்களுக்கெல்லாம் சின்ன விஷயம்." எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. 

அவருடைய வீட்டுக்காரரையும் சொல்லிவிட வேண்டும். பல்செட் செய்கிறவர். ஜாஸ் என்றாலே அவருக்கு ஆகாது. "அந்த பீப்பீயக் கேட்டா எனக்கே பல்லு கூசுது" என்பார். இருந்தும் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. தூணுக்குப் பின்னால், மேடை தெரியாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, யாருடையதோ மேல்வரிசைப் பற்களை மடியில் வைத்துக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் புதிதாக வந்து உட்காருகிறவர்கள் தற்செயலாகக் குனிந்து பார்த்துவிட்டு இடம் மாறிப் போவதை நான் பலமுறை ரசித்திருக்கிறேன். மனைவி ஆடுவதை அவர் பார்ப்பதே இல்லை. ஏன் வருகிறீர்கள் என்றால், "அவ வண்டியிலதானே நான் வீட்டுக்குப் போகணும்?" என்று ஒரு பதில். வீடு அடுத்த தெருவில்.

சென்ற மாதம் கிளப் கைமாறியது. பெரியவருக்குத் தள்ளாமை வந்துவிட, தம்பி மகன் பொறுப்பேற்றான். நல்ல பையன். இதை நான் ஒப்புக்காகச் சொல்லவில்லை. குரல் உயர்த்தத் தெரியாது, எதிரே வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிடுவான், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டவன் அவன்தான். ஜாஸ் மேல் உயிரையே வைத்திருக்கிறான். அங்கேதான் வந்தது வினை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்கள் சிலர் அவனிடம் குறைபட்டிருக்கிறார்கள்: நாங்கள் சாக்ஸபோன் கேட்க வந்தோமா, செருப்புச் சத்தம் கேட்க வந்தோமா? அவனுக்கும் அது நியாயமாகப் பட்டது. இனி இது உட்கார்ந்து கேட்கும் இடம் என்று முடிவு செய்தான். மரத்தரையில் வட்ட மேஜைகள். ஒரு ஞாயிறு பார்ப்பது; சரிப்பட்டு வந்தால் மறுநாளே தச்சரை வரவழைத்து மேஜைகளைப் பலகையோடு திருகு போட்டு இறுக்கிவிடுவது.

இதைச் சொல்ல மாஸ்டரம்மா வீட்டுக்கே போனான், கையில் பழக்கூடையோடு. அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டு பேசினான். "ஆன்ட்டி, உங்களை யாரும் வரவேணாம்னு சொல்லல. முதல் மேஜை உங்களுக்குத்தான். எப்பவும். உங்க பேருல."

"நான் கேக்க வரல தம்பி, ஆட வர்றேன்."

"எத்தனை வருஷமா ஆடிட்டீங்க ஆன்ட்டி. இனிமே ராணி மாதிரி உக்காந்து பாருங்களேன்."

எடுத்தெறிந்து பேசுகிற ஆளாக இருந்திருந்தால் மாஸ்டரம்மாவுக்கு வேலை சுலபம். வார்த்தைக்கு வார்த்தை ஆன்ட்டி போடுகிற பிள்ளையிடம் எங்கே பிடித்துச் சண்டை போடுவது? வீட்டுக்காரர் வேறு, "மரியாதையா வந்து கேக்குறான், ஒரு வாரம் உக்காந்துதான் பாரேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டார். "ஒரு வாரம். பாக்குறேன்" என்றார் மாஸ்டரம்மா. பழங்களை மறுநாள் பயிற்சிக்கு வந்த மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

எனக்கு இதில் பொத்துக்கொண்டு வருகிற கோபத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரை நகர்த்த வேண்டுமென்றால் தள்ளு, திட்டு, கதவைச் சாத்து. அவர் பதிலுக்கு இரண்டு திட்டாவது திட்டிவிட்டுப் போவார். மரியாதை செய்து உட்கார வைப்பது இருக்கிறதே, அது படு அநியாயம். வாயையும் கட்டிப் போட்டுக் காலையும் கட்டிப் போட்டுவிட்டு நன்றி வேறு எதிர்பார்ப்பார்கள். வயதான பெண்கள் என்றால் இந்த மரியாதை கூடை கூடையாகக் கிடைக்கும்.

அந்த ஞாயிறு நான் போனபோது தரையைக் காணோம். எங்கே பார்த்தாலும் மேஜை, மேஜை மேல் குட்டி விளக்கு, விளக்கைச் சுற்றி நாற்காலிகள். மேடையை ஒட்டிய முதல் மேஜையில் "மரியாதைக்குரிய விருந்தினர்" என்று அட்டை. அதற்கு முன்னால் மாஸ்டரம்மா, ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருப்பவரைப் போலக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வீட்டுக்காரர். தூண் இல்லாத இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாததால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்வரிசைப் பற்களைச் சட்டைப்பையில் ஒளித்திருந்தார். சலூன் தம்பதி ஓரத்தில், தபால்காரர் கடைசியில், முழங்கால் இரண்டும் மேஜையில் இடிக்க. "மாஸ்டரம்மாவே உக்காந்துட்டாங்க, நாங்க என்ன பண்றது?" என்று சலூன்காரரின் மனைவி என் காதில் கிசுகிசுத்தார். மாஸ்டரம்மா என்னைப் பார்த்து, மேஜைக்கும் மேடைக்கும் நடுவே மிச்சமிருந்த இடத்தை மோவாயால் காட்டினார். "ஸ்கூட்டர் நிக்கும். அதுவும் சாய்ச்சு வச்சா."

முதல் இரண்டு பாட்டுகள் ஒழுங்காகப் போயின. கண்ணை மூடிக் கேட்பவர்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள். மூன்றாவது பாட்டு வேகமானது. அதில்தான் நாலுக்கு நாலு. சாக்ஸபோன் தன் நாலை வாசித்தது. டிரம்ஸ் பதில் சொன்னது. சொல்லிவிட்டு டிரம்ஸ்காரர் குச்சி இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். பழக்கம். மற்ற மூவரும் கையை எடுத்துவிட்டார்கள். அதுவும் பழக்கம்.

தரையில் யார் இருக்கிறார்கள்?

அப்படி ஒரு நிசப்தத்தை அந்தக் கட்டிடத்தில் நான் கேட்டதில்லை. குளிர்பானப் பெட்டி உறுமுவது கேட்டது. டிரம்ஸ்காரர் தூக்கிய கையைக் கீழே போடத் தெரியாமல் விழித்தார். அதற்குள் பக்கத்து மேஜையில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், பாட்டுதான் இப்படிப் புதுமாதிரியாக முடிந்துவிட்டது என்று எண்ணி, "பிரமாதம்!" என்று கைதட்டினார். அவர் தட்டவும் கூடமே தட்டியது. கைதட்டலின் நடுவில், தன் முறை வந்துவிட்டதென்று சாக்ஸபோன் புகுந்தது. பாட்டு முடிந்ததாக நினைத்துப் பியானோக்காரர் எழுந்து வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார். பாஸ்காரர் யாரையும் பார்க்காமல் தனியே வாசித்துக்கொண்டு போனார். நான்கு பேரும் நான்கு திசையில் ஓடி, பாட்டு நடுத்தெருவில் விழுந்து செத்தது. டிரம்ஸ்காரரின் காது சிவந்துவிட்டது. மாஸ்டரம்மா அசையவில்லை. ஆனால் கைப்பையின் வாரை அவர் இழுத்துப் பிடித்திருந்த பிடியில் அது அறுந்துவிடும் போலிருந்தது.

இடைவேளை. முதலாளிப் பையன் பூரித்த முகத்தோடு வந்தான். "பாத்தீங்களா ஆன்ட்டி, என்னமா கைதட்டுனாங்க!"

"அது கைதட்டல் இல்ல தம்பி, ஆக்சிடென்ட்டு. நாலு பேரும் ஒரே நேரத்துல தப்பா திரும்பிட்டானுங்க. நான் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கேன், என்கிட்ட பிரேக் இல்ல."

அவனுக்குப் புரியவில்லை. புரியாததற்கும் சிரித்து வைத்தான். "உங்களுக்கு ஜூஸ் சொல்லியிருக்கேன் ஆன்ட்டி" என்று போய்விட்டான்.

அவன் நகர்ந்ததும் டிரம்ஸ்காரர் வந்தார். மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளை மாதிரி நின்றார். "மாஸ்டரம்மா, அடுத்ததுல தரைக்கு விடவேணாம்னு சொல்லிடறேன். நாங்களே நிரப்பிக்கிறோம். மானம் போகுது."

"இன்னைக்கு விடலைன்னா இனிமே என்னைக்கும் விட மாட்ட."

"தரையே இல்லையேம்மா."

"இருக்கா இல்லையான்னு நீ பாக்காத. உன் வேலை குச்சியத் தூக்குறது. தூக்கு."

"நாளைக்கு ஆசாரி வரப்போறாரு."

"நாளைக்குத்தானே?" என்றார் மாஸ்டரம்மா. கைப்பையை வீட்டுக்காரர் மடிக்குத் தள்ளினார். "ஒரு வாரம் பாக்குறேன்னு சொன்னேன் இல்ல? பாத்துட்டேன்."

வீட்டுக்காரர் கைப்பையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் பகுதி தொடங்கியது. சூடான பாட்டு, முதல் பகுதியில் பாட்டு விழுந்ததற்கு வட்டியும் முதலுமாகச் சாக்ஸபோன்காரர் வாசித்தார். முதல் மேஜை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததால் அதைச் சரிசெய்ய முதலாளிப் பையன் குனிந்த நடையில் வந்தான். அதே நேரத்தில் மாஸ்டரம்மா எழுந்தார். தன் நாற்காலியை முதுகோடு பற்றித் தூக்கி, "தம்பி, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்றார்.

பெரியவர்கள் எதையாவது நீட்டினால் வாங்கிக்கொள்ளும் பிள்ளை அவன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வாங்கிய பிறகுதான் என்ன வாங்கினோம் என்று உறைத்தது. வைக்க இடமில்லை. நாற்காலி இருந்த இடத்தில் மாஸ்டரம்மா நின்றுகொண்டிருந்தார்.

சாக்ஸபோன் நாலு. டிரம்ஸ் நாலு. குச்சி மேலே போனது.

ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் ஆடுவதென்றால் என்ன என்று அன்றுதான் பார்த்தேன். எங்கும் போகாத ஆட்டம். குதிகாலால் பலகையை ஒரு குத்து. அடியிலே காலியாக இருக்கும் பலகை "டொம்" என்று பேசியது. பிறகு இரண்டு பாதமும் மாறி மாறி. அந்தப் பக்கம் போக மேஜைக்கால் தடுத்தது. மேஜைக்காலையும் ஷூ முனையால் ஒரு தட்டு தட்டி அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டார். வாத்தியம் எதுவும் இல்லை. கால் மட்டும்தான். கழுத்துப்பட்டிக்காரர் "ஷ்ஷ்" என்றார். அது சரியாக மூன்றாவது அளவின் கடைசியில் விழுந்தது. மாஸ்டரம்மா அவர் பக்கம் திரும்பி, நன்றாயிருக்கிறது, இன்னொரு தடவை சொல் என்பது போல விரலை ஆட்டினார். மனுஷனின் முகத்தில் ஈயாடவில்லை. நாலாவது அளவு முடிந்த கணத்தில் நான்கு வாத்தியமும் ஒன்றாக வந்து விழுந்தன, ஒரு மயிரிழை பிசகாமல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

அடுத்த சுற்றில் குச்சி மேலே போனபோது ஓரத்து மேஜைக்கு அடியிலிருந்து சலூன் அம்மாவின் குதிகாலும் கேட்டது. கடைசி வரிசையில் தபால்காரர் எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்தால் யாருக்கும் மேடை தெரியாது. பின்னால் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் நாற்காலிகளைச் சுவர்ப்பக்கம் இழுக்கிற சத்தம் வந்தது.

முதலாளிப் பையன் இன்னும் அங்கேயேதான் நின்றான். நாற்காலியை மார்போடு அணைத்துக்கொண்டு, வலப்புறம் பார்த்தான், இடப்புறம் பார்த்தான். அவனுக்குக் கோபமில்லை. பாவம், வழிதான் தெரியவில்லை. பாட்டின் இரைச்சலில் மாஸ்டரம்மாவின் காதருகே குனிந்து, "ஆன்ட்டி, இதை எங்க வைக்கிறது?" என்று கேட்டான்.

மாஸ்டரம்மா ஆட்டத்தை நிறுத்தவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் எந்தப் பாட்டுக்கும் எழுந்திராத அந்த மனிதர், மனைவியின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். மாஸ்டரம்மா அவருடைய நாற்காலியை ஒற்றைக் கையால் தூக்கி, முதலாளிப் பையன் தடுமாறி விடுவித்த ஒரு கையில் மாட்டிவிட்டார்.